லயக் காம்பராவில் ஒரு தையல் மூலை

(மாதர் பிரிவின் வட்டாரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமை என்றால் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகலாம். விறகு தேடலாம், பீலிக்கரையில் ஒரு வாரத்துத் துணியை அலசலாம். அத்தனையையும் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். போன கூட்டத்தில் மேல்பிரிவுச் சகோதரிகள் மூன்று கேள்வி கேட்டார்கள். வீட்டில் தையல் மெசின் வைத்து வேலை செய்ய என்னென்ன வேண்டும்? இந்த லயத்துக்குள் அதை எங்கே வைப்பது? தைத்துக் கொடுத்தால் எவ்வளவு வாங்குவது? எங்கள் அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். நாங்கள் ஆறு பேர். நான்கு பேர் மலையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒருவர் பென்ஷன் எடுத்த அக்கா. ஒருவர் தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவர், சங்க வேலையும் செய்பவர். ஆறு பேருக்கும் சேர்த்து இரண்டு மெசின்.

இதை ஏன் ஆரம்பித்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி 1993 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் கிடைப்பது துணிதான், சட்டை அல்ல. தைத்துக்கொள்ள டவுனுக்குப் போக வேண்டும். அளவு கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள். இரண்டு தடவையும் பஸ் காசு, இரண்டு தடவையும் அரைப்பேர் போய்விடும். அதற்கு மேல் தையல் கூலி. வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால் அந்தத் துணி ட்ரங்குப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பிள்ளை போன வருடத்துக் கவுனை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடைசி வாங்கில் வந்து உட்காருகிறது. சில பிள்ளைகள் வருவதே இல்லை. இடாப்பில் வரவில்லை என்று குறி போடுகிற கைக்குத் தெரியும், காய்ச்சலால் வராத பிள்ளை யார், சட்டையில்லாமல் வராத பிள்ளை யார் என்று. அங்கேதான் இந்தப் பேச்சு தொடங்கியது.

உடனே ஒரு மூத்த தலைவர் எங்களிடம் கேட்டார்: "நாளைக்குச் சம்பளம் கேட்டுப் போனால், உங்கள் பொம்பளைகள்தான் தையலில் சம்பாதிக்கிறார்களே என்று துரை சொல்ல மாட்டாரா?" நியாயமான கேள்வி. இந்த மேடையிலேயே பதில் சொல்கிறோம். தையல் மெசின் சம்பள உயர்வுக்குப் பதில் அல்ல. எட்டு மணித்தியாலம் மலையில் நின்றவளுக்குக் குடும்பம் நடத்துகிற அளவுக்குச் சம்பளம் கிடைக்க வேண்டும். அதில் எந்த மாற்றமும் இல்லை. அதோடு, மலையில் வேலை முடித்து, அடுப்படியில் வேலை முடித்து, மூன்றாவதாக ஒரு வேலையை ராத்திரி பத்து மணிக்குப் பெண்ணின் தலையில் வைக்க நாங்கள் இங்கே வரவில்லை. வீட்டில் ஒருத்தி மெசினில் உட்கார்ந்தால் அன்றைக்கு ரொட்டி சுடுவது ஆம்பளையின் வேலை. சிரிக்கிறீர்கள். எங்கள் ஆறு வீடுகளில் நான்கில் அது நடக்கிறது. மற்ற இரண்டிலும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

சரி, இடத்துக்கு வருவோம். லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. வெள்ளைக்காரன் கட்டியபோது அதில் தையல் மூலைக்கு இடம் விடவில்லை. ஜன்னலுக்கே இடம் விடவில்லை. தையலுக்கு முதல் தேவை மெசின் அல்ல, வெளிச்சம். ஊசி முனை தெரியாமல் தைத்தால் கண்ணும் போகும், விரலும் போகும். எங்களில் ஒருவர் கடன் வாங்கி, சுவரை உடைத்து, இரண்டடி அகலத்தில் ஒரு ஜன்னல் வைக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் தோட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. கட்டடத்தில் மாற்றம் செய்ய அனுமதி இல்லை, பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று. அந்தக் காம்பராவில் அவருடைய பாட்டி பிறந்தார், அம்மா பிறந்தார், அவரும் பிறந்தார். ஆனால் ஒரு கல்லை எடுக்க உரிமை இல்லை. சங்கம் கடிதம் எழுதியது, பதில் வந்தது, மீண்டும் எழுதினோம். நான்கு மாதம் போனது. ஜன்னல் கிடைக்கவில்லை. கூரைத் தகரத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் புகும் தகடு ஒன்று போட மட்டும் ஒத்துக்கொண்டார்கள். உடைத்த சுவரை அவரே செலவழித்து மூடினார். காணி உரிமை, வீட்டு உரிமை என்று மேடையில் பேசும்போது சிலர் கொட்டாவி விடுவார்கள். எங்களுக்கு அது அந்த ஜன்னல்தான்.

அந்தத் தகடு நல்ல வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மெசினுக்கு நேர் மேலே வராமல், தைப்பவரின் இடது தோளுக்கு மேலே வருகிற மாதிரிப் போடுங்கள். அப்போதுதான் சொந்தக் கையின் நிழல் ஊசியில் விழாது. தகடு போட வழியில்லை என்றால் மெசினை இஸ்தோப்பில் வைக்கலாம். ஆனால் மழைச் சாரலும் பனியும் இரும்பைத் தின்னும். ராத்திரியில் உள்ளே தூக்கி வைக்க வேண்டும். எங்கே வைத்தாலும் அடுப்பிலிருந்து தள்ளியே வையுங்கள். வெள்ளைக் கவுன் தைக்கிறோம். விறகுப் புகை ஒரு வாரத்தில் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எங்கள் ஏற்பாடு சாதாரணமானது. பழைய சேலை இரண்டை ஒன்றாகத் தைத்து, கம்பியில் கோர்த்து, அடுப்புப் பக்கத்துக்கும் மெசினுக்கும் நடுவில் திரையாகப் போட்டோம். வாரம் ஒரு தடவை அதைத் துவைக்கும்போது வருகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால், இத்தனை காலமும் நம் நெஞ்சுக்குள் போனது என்ன என்று தெரியும்.

புது வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டும்போதே ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பொயின்ட் கேளுங்கள். பிறகு சுவரைக் கொத்துவது இரட்டைச் செலவு.

வெட்டுவதற்கு மேசை வேண்டும். இவ்வளவு சின்ன இடத்தில் மேசையை நிரந்தரமாகப் போட முடியாது. நாங்கள் செய்தது இதுதான். கழித்துப் போட்ட பழைய கதவுப் பலகை ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் இரண்டு பிணைச்சல் அடித்து, சுவரில் பொருத்திய சட்டத்தோடு சேர்த்தோம். வேலை நேரத்தில் கீழே இறக்கி இரண்டு முட்டுக்கால் கொடுத்தால் மேசை. முடிந்ததும் மேலே தூக்கிக் கொக்கி மாட்டினால் சுவர். உயரம் முக்கியம். நின்று வெட்டுகிறவரின் இடுப்புக்குச் சற்று மேலே வர வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து கொழுந்து எடுத்த முதுகு, வீட்டுக்கு வந்தும் தரையில் குனிந்து துணி வெட்டக் கூடாது. அதே பலகையில் பழைய கம்பளி ஒன்றை நான்காக மடித்துப் போட்டு மேலே வெள்ளைத் துணி விரித்தால் அயன் பண்ணுகிற இடமும் ஆயிற்று.

நூல், ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் வைக்க அலுமாரி தேவையில்லை. பொலிசாக்கு ஒன்றை விரித்து, மேலே மிச்சத் துணியில் பைகள் வைத்துத் தைத்து, ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். ஒவ்வொரு பைக்கும் ஒரு சாமான். அரிசி, மா வந்த சாக்காக இருக்கட்டும். மருந்து அடிக்கிற பிரிவிலிருந்து வந்த சாக்கையோ பையையோ, எவ்வளவு கழுவினாலும், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நூல்கட்டைக்கு ஒரு பலகைத் துண்டில் வரிசையாக ஆணி. குண்டூசிக்குச் சிரட்டை ஒன்றில் துணி உருண்டை. அதற்குள் பஞ்சுக்குப் பதில் காய்ந்த தலைமுடியை அடைத்தால் ஊசி துருப்பிடிப்பது குறைவு. பென்ஷன் எடுத்த அக்கா சொல்லித் தந்தது இது. முதலில் நாங்கள் முகத்தைச் சுளித்தோம். இப்போது ஆறு வீட்டிலும் அதுதான்.

இனி மெசின். புதிதா பழையதா என்று கேட்டால், தொடங்குகிறவர்களுக்குப் பழைய கால் மெசின் போதும் என்பது எங்கள் எண்ணம். சிங்கர் 1877 முதல் இந்த நாட்டில் மெசின் விற்கிறது. பாட்டி காலத்து மெசின்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பூச்சட்டிக்குக் கீழே நிற்கின்றன. கரண்ட் தேவையில்லை, பாகங்கள் கிடைக்கும். வாங்கப் போகும்போது ஒரு துண்டு மெல்லிய துணியும் ஒரு துண்டு தடித்த துணியும் கையோடு கொண்டுபோங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் தட்டாமல் ஓட வேண்டும். துணியை நகர்த்துகிற பல் மழுங்கியிருந்தால் துணி நின்ற இடத்திலேயே நிற்கும். தைத்த துணியைத் திருப்பிப் பாருங்கள். மேலும் கீழும் தையல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் நூல் சுருள் சுருளாக நின்றால் பொபினில் பிழை என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் பிழை மேல் நூலில்தான். அதைக் கோர்த்த வழி தவறியிருக்கும், அல்லது இறுக்கம் போதாது. பொபின் கூட்டைச் சோதிக்க அதை நூலில் தொங்கவிட்டு ஒரு சின்ன உதறு உதறுங்கள். ஓரிரு அங்குலம் இறங்கி நின்றால் சரி. கடகடவென்று தரைக்குப் போனால் திருகாணியைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

ஊசியில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய துணிக்கு 11, சீருடைத் துணிக்கு 14, டெனிம் மாதிரித் தடித்ததற்கு 16. ஊசியின் தட்டைப் பக்கம் கொக்கி இருக்கிற பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் தையல் விழாது, மெசின் பழுது என்று மெக்கானிக்குக்குத்தான் காசு போகும்.

எண்ணெய் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சைக்கிளுக்கும் தேங்காய் எண்ணெய், தலைக்கும் தேங்காய் எண்ணெய், மெசினுக்கும் தேங்காய் எண்ணெய். நம் மலையில் மார்கழிக் குளிரில் அது போத்தலுக்குள்ளேயே உறைந்து வெள்ளையாக நிற்கிறது. மெசினுக்குள்ளும் அதுதான் நடக்கும். காலையில் கால் வைத்தால் அசையாது. அசைந்தாலும் நாள்பட அது பிசினாகிப் பஞ்சையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். தையல் மெசின் எண்ணெய் என்று கேட்டு ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள். ஒரு துளையில் ஒரு துளி போதும். பிறகு பழைய துணியில் கொஞ்ச நேரம் தைத்து, மிச்ச எண்ணெயை அதில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அது யாருடைய வெள்ளைக் கவுனிலோ ஏறும்.

மோட்டர் பூட்டுகிறவர்களுக்குக் கரண்ட் பயம் வேண்டாம். 100 வொட் மோட்டர் பத்து மணித்தியாலம் ஓடினால்தான் ஒரு யுனிட். அயன்தான் தின்னும். 1000 வொட் என்றால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு யுனிட். ஆகவே துணிகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் அயன் பண்ணுங்கள். பயப்பட வேண்டியது வயருக்கு. அடுத்த காம்பராவிலிருந்து இழுத்த வயரில், ஒட்டுப்போட்ட பிளக்கில் அயனும் மெசினும் சேர்த்துப் போடவே கூடாது. லயத்துக்கு ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ அங்கேயே நிற்காது என்பதைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறோம், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க. முதல் வருடம் பதினொரு பையன்களுக்குச் சட்டை தைக்க ஒத்துக்கொண்டோம். பாடசாலையில் கிடந்த பழைய டேப்பால் அளவு எடுத்தோம். வீட்டில் இரும்பு அடிமட்டத்தால் அளந்து வெட்டினோம். தைத்துப் போட்டுப் பார்த்தால் ஒரு பையனுக்கும் பொத்தான் பூட்டவில்லை. பழைய டேப் வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருந்தது. பிள்ளையின் நெஞ்சு 24 அங்குலம் என்றால் அது 23 என்று காட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் கமக்கட்டுக்குக் கீழே பட்டி வைத்து எட்டுச் சட்டைகளைக் காப்பாற்றினோம். மூன்றுக்கு எங்கள் கைக்காசில் துணி வாங்கினோம். இப்போது டேப்பை மாதம் ஒரு தடவை அடிமட்டத்தோடு வைத்துப் பார்க்கிறோம். பத்திரிகைத் தாளில் வெட்டிய அச்சுகளை வகுப்பின்படி அல்ல, நெஞ்சளவின்படி அடுக்கி வைத்திருக்கிறோம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை அருகருகே நிற்க வைத்துப் பாருங்கள், ஏன் என்று தெரியும். கவுனின் கீழ்மடிப்பில் மூன்று அங்குலமும் பக்கத் தையலில் ஒரு அங்குலமும் உள்ளே விடுகிறோம். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் அதே கவுன் இன்னொரு வருடம் போகும்.

வெட்டியதில் மிஞ்சுவதை எறிவதில்லை. கால்மிதி, பாத்திரம் பிடிக்கிற துணி, பிள்ளைக்காம்பராவுக்குச் சின்ன மெத்தை விரிப்பு எல்லாம் அதிலிருந்துதான். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியை அறுக்காமலிருக்க, மடிப்புத் துணிக்குப் பதிலாக உள்ளே பஞ்சுத்துணி வைத்துத் தைத்த பட்டி ஒன்று செய்தோம். இந்தத் தடவை வருகிறவர்களுக்குக் காட்டக் கொண்டுவந்திருக்கிறோம். முதலில் மூன்று பேருக்குத்தான் கொடுத்தோம், அடுத்த வாரம் ஒரு முழு மலையே கேட்டது. பெரிய பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாட்களுக்கான துணிப் பட்டியும் தைக்கிறோம். உள்ளே ஃபிளனல், வெளியே பருத்தி, துவைத்து வெயிலில் காய வைக்கலாம். வெயிலில் என்பதுதான் பேச்சு. மற்றவர்கள் பார்ப்பார்களே என்று கட்டிலுக்கடியில் ஈரத்தோடு ஒளித்து வைத்தால் புண்தான் வரும். கொடியில் போடுங்கள். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது?

கடைசியாகக் காசுக் கணக்கு. நம் ஆட்கள் கூலி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். "பார்த்துக் கொடுங்கள் அக்கா" என்கிறார்கள். அப்படி வேண்டாம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024 செப்டம்பரில் 1350 என வர்த்தமானியில் வந்தது. அந்த 1350ஐ எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 169 ரூபா. ஒரு கவுனுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் 507. மலையில் வேலை செய்தால் கம்பனி உங்கள் பெயரில் சேமலாப நிதிக்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும். வீட்டுத் தையலில் அதைப் போட யாரும் இல்லை. ஆகவே அந்த 15 வீதத்தையும் சேர்த்தால் 583. அதற்கு மேல் நூல், பொத்தான், ஊசித் தேய்மானம். இதற்குக் குறைத்து வாங்கினால் தேயிலை மலையை விட மலிவாக உங்களை நீங்களே விற்கிறீர்கள். லயத்துப் பிள்ளைக்குச் சலுகை கொடுக்க விரும்பினால் கொடுங்கள், நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். சம்பளம் கூடும்போது இந்தக் கணக்கையும் மாற்றிப் போடுங்கள்.

இந்தக் கணக்கு எங்களை ஒரு தடவை காப்பாற்றியது. டவுனிலிருந்து ஒரு தரகர் வந்தார். தலையணை உறை தைத்துத் தாருங்கள், ஒன்றுக்கு 20 ரூபா, துணி நான் தருவேன், நூல் உங்களுடையது என்றார். பெரிய ஓடர், ஐந்நூறு, ஆயிரம் என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஒருவரை உட்காரவைத்து நேரம் பார்த்தோம். வெட்டி, மடித்து, தைத்து, நூல் நறுக்கி ஒன்று முடிக்கப் பன்னிரண்டு நிமிடம். மணித்தியாலத்துக்கு ஐந்து, நூறு ரூபா. நூல் காசு கழித்தால் அதுவும் இல்லை. 40 ரூபா கேட்டோம், அவர் சிரித்துவிட்டுக் கீழ்ப்பிரிவுக்குப் போனார். அங்கே இரண்டு வீட்டில் எடுத்தார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அடுப்பு எரிய வேண்டும். ஆனால் இரண்டு பிரிவும் முதலிலேயே பேசியிருந்தால் அவர் 40 கொடுக்காவிட்டாலும் 30க்கு வந்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறோம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தொழிலாளர்கள்தான், மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக அவர்களை நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1996இலேயே 177ஆம் இலக்கச் சமவாயத்தில் சொல்லியிருக்கிறது. அதனால்தான் மெசின் வைத்திருக்கிறவர்களின் பெயர்களைப் பிரிவு வாரியாகச் சங்கத்தில் பதியச் சொல்கிறோம். அடுத்த தரகர் வரும்போது எல்லாப் பிரிவிலும் ஒரே விலை கேட்க வேண்டும்.

மெசின் வாங்கக் கடன் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வாரா வாரம் வாசலில் வந்து நிற்கிற நுண்கடனை எடுத்து மெசின் வாங்காதீர்கள். தையல் வருமானம் வாரா வாரம் வராது. சீருடைக் காலம், தீபாவளி, தைப்பொங்கல் என்றுதான் வரும். நாங்கள் ஆறு பேரும் சீட்டுப் போட்டு முதல் மெசினை வாங்கினோம், அதில் தைத்த காசில் இரண்டாவதை வாங்கினோம். தவணைக்கு எடுத்தால் எல்லாத் தவணையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, தமிழில் எழுதிய ஒப்பந்தம் கேளுங்கள். விளங்காத பாஷையில் கையெழுத்து வேண்டாம். சந்தேகம் என்றால் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாடசாலையில் அளவு எடுக்கிறோம். பிள்ளைகளைச் செருப்பில்லாமல், ஸ்வெட்டர் கழற்றி நிறுத்த வேண்டும். சீருடைத் துணியை இன்னும் வெட்டாதவர்கள் அதையும் எடுத்துவாருங்கள். வீட்டில் டேப் இருந்தால் கொண்டுவாருங்கள், முதலில் எல்லா டேப்பையும் அடிமட்டத்தோடு வைத்துப் பார்ப்போம்.